ஆய்வுக் களஞ்சியங்களில் என்னென்ன கிடைக்கும், எதை எப்படி எடுத்துக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு மாணவர்களுக்குக் கட்டுரை தேட உதவிக்கொண்டிருப்பதால் ஒரே சந்தேகங்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாண்டு மாணவர் கேட்பதையே பல வருடம் பாடம் நடத்தியவரும் கேட்கிறார். இதை யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை என்பதுதான் காரணம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். கீழே போகப்போகக் கொஞ்சம் சிக்கலாகும், அதனால் புதியவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஆய்வுக் களஞ்சியம் என்கிறார்களே, அது ஆய்விதழ்தானே?

இல்லை. ஆய்விதழுக்கு ஆசிரியர் குழு உண்டு. வந்த கட்டுரையைத் துறை ஆட்களிடம் அனுப்பி, திருத்தச் சொல்லி, ஏற்கவோ தள்ளவோ செய்யும். களஞ்சியத்தின் வேலை வேறு. ஆய்வில் உருவானதை வாங்கி, விவரங்களோடு பதிந்து, மாறாத ஒரு முகவரி கொடுத்து, பல வருடம் கழித்தும் யாரும் எடுத்துப் படிக்கும்படி காப்பாற்றி வைப்பது.

1991 ஆகஸ்டில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் லாஸ் அலமோஸில் தொடங்கிய ஆர்க்கைவ்தான் இன்றைக்குப் பலரும் முதலில் கேள்விப்படும் களஞ்சியம். இதழில் அச்சாகும்வரை மாதக்கணக்கில் காத்திருக்காமல், எழுதிய கட்டுரையை இயற்பியலாளர்கள் தங்களுக்குள் உடனே பகிர்ந்துகொள்ள அது வழி செய்தது. 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது, இன்றைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் இருக்கின்றன.

கட்டுரை மட்டும்தான் இருக்குமா?

இங்கேதான் பலர் பாதிப் புதையலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கட்டுரை ஒரு பகுதி மட்டும்தான். முனைவர் பட்ட ஆய்வேடு, மாநாட்டில் காட்டிய சுவரொட்டி, தொழில்நுட்ப அறிக்கை, பொருளாதார நிபுணர்கள் விவாதத்துக்குச் சுற்றுக்கு விடும் பணித்தாள், கணக்கெடுப்பில் பயன்படுத்திய கேள்வித்தாள், அளவீட்டுத் தரவு, கணினி நிரல், ஒலிப்பதிவு, வரைபடம், பாடக்குறிப்பு, முழுப் புத்தகம் என்று எல்லாமே உள்ளே கிடக்கும்.

தரவு விஷயத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்க்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் 1971-இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கியது. உலகம் முழுக்க ஆய்வகங்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப்போட்டு அது 2 லட்சத்தைத் தாண்டியது. புரத வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு அந்தக் குவியலை வைத்துத்தான் பயிற்சி பெற்றது, அதை உருவாக்கியவர்களில் இருவருக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எழுபதுகளில் ஒரு வடிவத்தைப் பொறுமையாகப் பதிந்துவைத்த யாரும் இப்படி ஒரு பயனை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொரு முனையில் பாரடிசெக் என்ற களஞ்சியத்தைப் பாருங்கள். 2003-இல் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. பசிபிக் பகுதியின் சிறு மொழிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன் டேப்பில் பதிந்த பேச்சையும் பாட்டையும் கதையையும் எண்ணிமத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். பேச ஆளில்லாமல் போகும் ஒரு மொழிக்கு அந்த ஒலிப்பதிவே கடைசிச் சான்றாக இருக்கலாம். புரத வடிவம், வாய்மொழிக் கதை இரண்டுக்கும் ஆய்வுப் பொருள் என்ற ஒரே பெயர்தான்.

எத்தனை வகைக் களஞ்சியங்கள் இருக்கின்றன? எனக்கு எது?

மூன்றாகப் பிரித்துக்கொண்டால் வேலை நடக்கும். ஒன்று நிறுவனக் களஞ்சியம், அதாவது ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிலையமோ தன் ஆட்கள் எழுதியதை வைப்பது. 2000-இல் சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகம் களஞ்சியம் நடத்த உதவும் இபிரின்ட்ஸ் மென்பொருளையும், 2002-இல் எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து டிஸ்பேஸையும் இலவசமாகக் கொடுத்த பிறகு இவை வேகமாகப் பெருகின. அடுத்தது துறைக் களஞ்சியம்: இயற்பியல், கணிதம், கணினிக்கு ஆர்க்கைவ், உயிரியலுக்கு 2013-இல் வந்த பயோஆர்க்கைவ், மருத்துவத்துக்கு 2019-இல் வந்த மெட்ஆர்க்கைவ், சமூக அறிவியலுக்கும் சட்டத்துக்கும் எஸ்எஸ்ஆர்என், பொருளியலுக்கு ரெபெக். மூன்றாவது எல்லாத் துறைக்குமான பொதுக் களஞ்சியம், செர்ன் ஆய்வு மையம் நடத்தும் ஜெனோடோ மாதிரி.

எது என்பது என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நேற்று வந்த முடிவு வேண்டுமானால் துறைக் களஞ்சியம், ஆய்வேடும் அறிக்கையும் வேண்டுமானால் நிறுவனக் களஞ்சியம், தரவும் நிரலும் வேண்டுமானால் பொதுக் களஞ்சியம் அல்லது அந்தத் துறையின் தரவு வங்கி.

ஒவ்வொன்றாகப் போய்த் தேடவேண்டுமா? கூகுள் ஸ்காலர் போதாதா?

கட்டுரைக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் அதில் தரவுத்தொகுப்பும் ஒலிப்பதிவும் சரியாக வராது, எந்த வகை ஆவணம் என்று வடிகட்டவும் வசதி குறைவு. அப்படி வடிகட்ட வேண்டுமென்றால் பீல்ஃபெல்ட் பல்கலைக்கழகம் நடத்தும் பேஸ், இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தும் கோர் என்ற இரண்டு தேடுபொறிகளையும் பயன்படுத்துங்கள். பேஸில் மட்டும் 30 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் உண்டு. ஆய்வேடு மட்டும் காட்டு, தரவு மட்டும் காட்டு, இந்த மொழியில் உள்ளதை மட்டும் காட்டு என்று கேட்கலாம்.

இவை எப்படி எல்லாக் களஞ்சியத்தையும் ஒரே இடத்தில் காட்டுகின்றன என்றால், 2001-இல் வந்த ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற பொது நெறிமுறையால்தான். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, வகை போன்ற விவரங்களைக் களஞ்சியங்கள் ஒரே வடிவத்தில் வெளியே கொடுக்கின்றன, தேடுபொறி அவற்றை அறுவடை செய்துகொள்கிறது. அதனால் பதிந்தவர் விவரத்தைத் தப்பாகப் போட்டால் தேடலிலும் தப்பாகத்தான் வரும். எதிர்பார்த்தது வராவிட்டால் சொல்லை மாற்றிப்போட்டுப் பாருங்கள், ஒன்றுமே இல்லை என்று உடனே முடிவு கட்டவேண்டாம்.

களஞ்சியத்தில் இருக்கிறது என்றாலே யாரோ சரிபார்த்திருப்பார்கள் இல்லையா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது. சரிபார்த்திருக்கலாம், சரிபார்க்காமலும் இருக்கலாம், களஞ்சியத்தில் இருப்பதை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஒரே களஞ்சியத்தில், ஒரே தேடல் பக்கத்தில், மூன்று பேர் மாதக்கணக்கில் அலசிய இதழ்க் கட்டுரையும், தேர்வாளர்கள் முன் வாய்மொழித் தேர்வு முடித்த ஆய்வேடும், இதழ் மதிப்பீட்டுக்கு முன்பே ஆசிரியர் வெளியிட்டு, யாருமே பார்க்காத முன்பதிப்பும், ஒரு மாணவரின் வகுப்புத் திட்டப்பணியும் அடுத்தடுத்து நிற்கும். நான்குக்கும் ஒரே மாதிரி முகப்பு, ஒரே மாதிரி பிடிஎஃப்.

ஆகவே திறந்ததும் முதலில் பார்க்கவேண்டியது சுருக்கத்தை அல்ல, பதிவுப் பக்கத்தில் "வகை" என்று போட்டிருக்கும் அந்த ஒற்றை வரியை. இது என்ன பொருள், எந்தக் கட்டத்தில் இருப்பது என்று தெரியாமல் உள்ளே எழுதியிருப்பதை எடைபோட முடியாது. ஆர்க்கைவில் மட்டுறுத்துநர்கள் உண்டு, 2004-லிருந்து புதியவர்களுக்கு ஏற்கெனவே எழுதுபவர் ஒருவரின் பரிந்துரையும் தேவைப்படுகிறது. ஆனால் அவர்கள் பார்ப்பது இது அறிவியல் கட்டுரை மாதிரி இருக்கிறதா, சரியான பிரிவில் போட்டிருக்கிறதா என்பதைத்தான். உள்ளே இருக்கும் நிறுவல் சரியா என்று பார்ப்பது அவர்கள் வேலையே இல்லை.

அப்படியானால் முன்பதிப்பை நம்பவே கூடாதா?

அப்படியும் இல்லை. கணிதவியலாளர் கிரிகோரி பெரல்மான் பாயின்கரே அனுமானம் என்ற கணிதப் புதிரின் நிறுவலை 2002 நவம்பரில் தொடங்கி மூன்று பகுதிகளாக ஆர்க்கைவில் மட்டுமே போட்டார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. கணிதவியலாளர் குழுக்கள் பல சில வருடங்கள் உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்து, சரி என்றன. 2006-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் அறிவித்தார்கள், அவர் வாங்கவில்லை என்பது வேறு கதை. நூறு வருடமாக நின்ற ஒரு கணக்கின் தீர்வு இன்றும் முன்பதிப்பாகவே இருக்கிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2020 தொடக்கத்தில் புதிய கொரோனா வைரஸில் ஹெச்ஐவியை ஒத்த துண்டுகள் இருப்பதாக ஒரு முன்பதிப்பு பயோஆர்க்கைவில் வந்தது. துறையினர் உடனே குறைகளை அடுக்க, ஓரிரு நாளில் ஆசிரியர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் அது உலகம் சுற்றிவிட்டது. திருத்தம் விரைவாக வந்தது முன்பதிப்பு முறையின் பலம், செய்தி அதைவிட விரைவாகப் போனது அதன் ஆபத்து. மெட்ஆர்க்கைவ் தன் தளத்திலேயே, இவற்றை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யாதீர்கள், உறுதியான தகவல் என்று செய்தியாக்காதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. உடல்நலம் சம்பந்தப்பட்ட எதிலும் அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

துறையில் பழக்கமுள்ளவர் முன்பதிப்பைத் தாராளமாகப் படிக்கலாம், வழிமுறையைத் தானே அலசிக்கொள்வார். புதியவர் என்றால், அதே ஆட்கள் பிறகு இதழில் வெளியிட்டார்களா, இரண்டாம் மூன்றாம் பதிப்பில் முடிவை மாற்றினார்களா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

ஒரே கட்டுரை நான்கு இடத்தில் நான்கு மாதிரி இருக்கிறது. எதைப் படிப்பது?

பெரும்பாலும் மூன்று நிலைகள். ஆசிரியர் முதலில் இதழுக்கு அனுப்பிய பிரதி, மதிப்பீட்டுக்குப் பின் திருத்தி இதழ் ஏற்றுக்கொண்ட பிரதி, இதழ் தன் பக்க எண்ணோடு வடிவமைத்து வெளியிட்ட இறுதிப் பிரதி. நடுவில் உள்ளதற்கும் கடைசிக்கும் உள்ளடக்கத்தில் அநேகமாக வித்தியாசம் இருக்காது, எழுத்துப் பிழைத் திருத்தமும் பக்க அமைப்பும்தான் மாறும். முதலாவதுக்கும் மற்ற இரண்டுக்கும் நடுவில் பெரிய மாற்றம் இருக்கலாம், அட்டவணையே மாறியிருக்கலாம்.

இறுதிப் பிரதி கிடைத்தால் அதையே படியுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஏற்கப்பட்ட பிரதி. பிடிஎஃப்பின் முதல் பக்கத்தில் எந்தப் பிரதி என்று பல களஞ்சியங்கள் ஒரு முகப்புத்தாள் வைத்திருக்கும், அதை எரிச்சலோடு தள்ளிவிட்டுப் போகாதீர்கள். ஆர்க்கைவில் முகவரியின் கடைசியில் வி1, வி2 என்று வரும், அதுதான் பதிப்பு எண்.

ஆய்வேட்டை எல்லாம் யார் படிப்பார்கள்? முந்நூறு பக்கம்!

முழுதாகப் படிக்கத் தேவையில்லை, ஆனால் படிக்காமல் விடுவது பெரிய இழப்பு. இதழ்க் கட்டுரையில் இடம் இல்லாததால் வழிமுறையை இரண்டு பத்தியில் முடித்துவிடுவார்கள். அதே ஆள் தன் ஆய்வேட்டில் கருவியை எப்படிச் சரிசெய்தார், எந்த வழி பலிக்கவில்லை, பேட்டிக்கு என்ன கேள்விகள் கேட்டார் என்பதையெல்லாம் விரிவாக எழுதியிருப்பார். முன்னாய்வு அத்தியாயம் அந்தத் துறைக்கு ஆயத்த வழிகாட்டி, பின்னிணைப்பில் மூலத் தரவே இருக்கலாம். நான் புதிய தலைப்பில் யாருக்காவது உதவும்போது முதலில் தேடுவது சமீபத்திய நல்ல ஆய்வேடு ஒன்றைத்தான்.

எங்கே என்றால், ஐரோப்பாவுக்கு டார்ட்-யூரோப், உலக அளவில் என்டிஎல்டிடி, இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இன்ஃபிளிப்நெட் நடத்தும் சோத்கங்கா. சோத்கங்காவில் அத்தியாயம் அத்தியாயமாகத் தனிக் கோப்புகள் இருக்கும், வேண்டியதை மட்டும் இறக்கலாம். தரம் மட்டும் ஒரே சீராக இருக்காது, அதை மனதில் வையுங்கள். தேர்வில் தேறிய ஆய்வேடு என்பது குறைந்தபட்சத் தகுதியைக் கடந்தது என்றுதான் பொருள்.

நான் வரலாறு, இலக்கியம் பக்கம். எனக்கு இதில் எதுவும் இல்லை போலிருக்கிறதே?

இருக்கிறது, வேறு வடிவத்தில். மனிதவியல் துறைகளில் புத்தகம்தான் முக்கிய வெளியீடு என்பதால் ஓஏபென் களஞ்சியத்தில் மதிப்பீடு செய்யப்பட்ட முழு ஆய்வு நூல்களை இலவசமாக இறக்கலாம். மெய்யியலுக்கு பில்ஆர்க்கைவ் இருக்கிறது. சமூக ஆய்வுத் தரவுக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஐசிபிஎஸ்ஆர் 1962-லிருந்தும், எசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் தரவுக் காப்பகம் 1967-லிருந்தும் இயங்குகின்றன. வாழ்க்கை வரலாற்றுப் பேட்டிகளின் எழுத்துப்படிகள்கூட எசெக்ஸில் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் இல்லாத ஆய்வுகள்?

நிறைய. லத்தீன் அமெரிக்காவின் ஸ்பானிய, போர்த்துகீசிய ஆய்வுகளுக்கு சியெலோவும் ரெடாலிக்கும், பிரெஞ்சுக்கு 2001-இல் தொடங்கிய ஹால், ஜப்பானுக்கு ஜே-ஸ்டேஜ். முதல் இரண்டும் ஜே-ஸ்டேஜும் ஆய்விதழ்களைத் திரட்டித் தருபவை, ஹால்தான் முழுக்க களஞ்சியம். ஒரு நாட்டின் பயிர் நோயைப் பற்றியோ நிலவழக்கைப் பற்றியோ மிக நுட்பமான ஆய்வு அந்த ஊர் மொழியில்தான் இருக்கும். இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது சாரத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது, ஆங்கிலத்தில் இல்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

"மீளாய்வு" என்று போட்டிருந்தால் அது உயர்ந்த வகையா?

எந்த மீளாய்வு என்று பாருங்கள். ஒரு நிபுணர் தனக்குத் தெரிந்த கட்டுரைகளை வைத்துத் துறையின் நிலையைச் சொல்வது ஒரு வகை. படிக்கச் சுகமாக இருக்கும், ஆனால் எதைச் சேர்த்தார் எதை விட்டார் என்பது அவர் விருப்பம். முறைசார் மீளாய்வு வேறு: எந்தத் தரவுத்தளத்தில், எந்தச் சொற்களால், எந்தத் தேதிவரை தேடினோம், எத்தனை கிடைத்தன, எதை எதற்காக நீக்கினோம் என்று முன்கூட்டியே வகுத்த முறைப்படி செய்து எழுதவேண்டும். 1993-இல் தொடங்கிய காக்ரேன் என்ற அமைப்பு மருத்துவத்தில் இதற்குப் பெயர்பெற்றது. அதற்கு மேலே, கிடைத்த ஆய்வுகளின் எண்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் அது மெட்டா பகுப்பாய்வு. சேர்த்த ஆய்வுகள் மட்டமாக இருந்தால் மெட்டா பகுப்பாய்வும் மட்டமாகத்தான் வரும், பெயரைப் பார்த்து மயங்கவேண்டாம்.

எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்று முடிகிற ஆய்வை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

இது எனக்கு மிகவும் பிடித்த வகை. மருந்து வேலை செய்யவில்லை, இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை என்று முடியும் ஆய்வுகளை இதழ்கள் விரும்புவதில்லை, ஆய்வாளர்களும் அனுப்புவதில்லை. 1979-இல் ராபர்ட் ரோசன்தால் என்ற உளவியலாளர் இதை மேசை இழுப்பறைச் சிக்கல் என்று பெயரிட்டு எழுதினார். பலித்தவை மட்டும் அச்சேறி, பலிக்காதவை இழுப்பறையில் தூங்கினால், வெளியே இருப்பதை மட்டும் படிப்பவருக்கு எல்லாமே பலிக்கிற மாதிரி தெரியும். களஞ்சியத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை, பக்கத் தட்டுப்பாடும் இல்லை. ஆய்வேடுகளிலும், ஆய்வுத் திட்டத்தையும் தரவையும் பகிர உதவும் ஓஎஸ்எஃப் போன்ற தளங்களிலும், மருத்துவப் பரிசோதனைகளைப் பதிய 2000-இல் வந்த கிளினிக்கல்டிரயல்ஸ் பதிவேட்டிலும் இப்படிப்பட்ட முடிவுகள் கிடைக்கும். அடுத்தவர் அதே சுவரில் போய் முட்டிக்கொள்ளாமல் இருக்க இது எவ்வளவு உதவும் என்று யோசியுங்கள்.

தரவு எல்லாம் வெளியே போடவேண்டுமா? கட்டுரையில் அட்டவணை இருக்கிறதே?

அட்டவணை ஏற்கெனவே சமைத்த முடிவு. சமையல் சரியா என்று பார்க்க மூலத் தரவு வேண்டும். 2010-இல் ரெயின்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள், அரசுக் கடன் நாட்டின் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். பல நாட்டு அரசியல்வாதிகள் செலவுக் குறைப்புக்கு அதை ஆதாரமாகக் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் வகுப்புப் பயிற்சிக்காக அதை மறுபடி செய்துபார்த்தார், எண் வரவில்லை. அவர்களிடமே எக்செல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரத்தில் 5 நாடுகள் விடுபட்டிருந்தன, வேறு சில தேர்வுகளும் கேள்விக்குரியவையாக இருந்தன. 2013-இல் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து எழுதிய பணித்தாளில் அவர் கணக்கிட்ட சராசரி 2.2 சதவீதம்.

கோப்பு முதலிலேயே ஒரு களஞ்சியத்தில் இருந்திருந்தால் மூன்று வருடம் ஆகியிருக்காது. இன்று தரவைப் போடும்போது தேடக் கிடைக்கவேண்டும், அணுக முடியவேண்டும், பிற தரவோடு இணைய வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்ற ஃபேர் நெறிகளை 2016-லிருந்து பலரும் பின்பற்றுகிறார்கள். எல்லாவற்றையும் திறந்துவிடவேண்டும் என்று பொருள் இல்லை. நோயாளிகளின் தகவல், ஒரு சமூகம் வெளியாருக்குக் காட்ட விரும்பாத சடங்குப் பதிவு போன்றவை பூட்டித்தான் இருக்கும், விவரப் பக்கம் மட்டும் திறந்திருக்கும், அனுமதி கேட்டுப் பெறவேண்டும். அது நியாயம்.

இலவசமாகக் கிடைக்கிறது என்றால் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாமா?

படிப்பது வேறு, மறுபடி வெளியிடுவது வேறு. பதிவுப் பக்கத்தில் உரிமம் என்ன என்று பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சிசி பிஒய் என்றால் பெயர் குறிப்பிட்டு எதற்கும் பயன்படுத்தலாம், என்சி என்று சேர்ந்தால் வணிகத்துக்குக் கூடாது, என்டி என்று சேர்ந்தால் மாற்றி வெளியிடக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், ஆகவே என்டி உள்ள கட்டுரையைத் தமிழாக்கி வெளியிட அனுமதி கேட்கவேண்டும். உரிமமே எழுதவில்லை என்றால் முழுப் பதிப்புரிமை உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்கைவில் பலரும் தேர்ந்தெடுக்கும் வழக்கமான உரிமம் அந்தத் தளம் விநியோகிக்க மட்டுமே அனுமதி தருகிறது, உங்களுக்கு மறுபதிப்பு உரிமை தருவதில்லை. இது பலருக்குத் தெரியாது.

இதழ்த் தளத்தில் பணம் கேட்கிறது, களஞ்சியத்தில் சும்மா கிடைக்கிறது. இது சட்டப்படி சரியா?

சரிதான். பல பதிப்பகங்கள், மேலே சொன்ன ஏற்கப்பட்ட பிரதியை ஆசிரியர் தன் நிறுவனக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிக்கின்றன, சிலசமயம் 6 முதல் 24 மாதம் கழித்து. நிதி கொடுக்கும் அமைப்புகளும் கட்டாயப்படுத்துகின்றன. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஹெச் நிதியில் நடந்த ஆய்வுகள் 2008-லிருந்து 12 மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரல் என்ற மருத்துவக் களஞ்சியத்தில் வரவேண்டும் என்றிருந்தது, 2025 ஜூலை 1 முதல் அந்தக் காத்திருப்பும் இல்லை. அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொண்டால், பணம் கேட்கும் பக்கத்திலேயே சட்டப்படியான இலவசப் பிரதி எங்கே இருக்கிறது என்று காட்டும்.

ரிசர்ச்கேட், அகாடமியா இவையும் களஞ்சியம்தானே?

இல்லை, அவை ஆய்வாளர்களுக்கான வணிகச் சமூகத் தளங்கள். கட்டுரை கிடைக்கலாம், ஆனால் எந்தப் பிரதி, என்ன உரிமம், நாளைக்கும் இருக்குமா என்பதற்கு உறுதி இல்லை. ஆசிரியரைத் தொடர்புகொள்ள நல்ல வழி, அவ்வளவுதான்.

திரும்பப் பெற்ற கட்டுரை இன்னும் களஞ்சியத்தில் இருக்கிறதே, ஏன் அழிக்கவில்லை?

அழித்தால் அதை முன்பே மேற்கோள் காட்டியவர்கள் எதைச் சொன்னார்கள் என்றே தெரியாமல் போகும். அதனால் பதிவை வைத்துக்கொண்டு, திரும்பப் பெறப்பட்டது என்று குறிப்பார்கள். எம்எம்ஆர் தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998 கட்டுரையை லான்செட் என்ற மருத்துவ இதழ் 2010-இல்தான் திரும்பப் பெற்றது, இன்றும் அந்தக் குறியோடு அது கிடைக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இதழ் தன் பக்கத்தில் குறித்துவிடும், நிறுவனக் களஞ்சியத்தில் ஆசிரியர் முன்பு போட்ட பிரதி பழையபடியே கிடக்கும். முக்கியமான ஒன்றை மேற்கோள் காட்டும் முன் இதழ்ப் பக்கத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மேற்கோள் காட்டும்போது களஞ்சிய முகவரியைக் கொடுக்கலாமா?

படித்தது எதுவோ அதைக் காட்டுங்கள். முன்பதிப்பைப் படித்தால் முன்பதிப்பு என்றே எழுதி, பதிப்பு எண்ணும் போடவேண்டும். இதழில் வந்துவிட்டது என்றால் அந்தப் பிரதியைப் பார்த்துவிட்டு அதைக் காட்டுவது மேல். 10 என்று தொடங்கும் நிரந்தர அடையாள எண்ணான டிஓஐ இருந்தால் உலாவி முகவரிக்குப் பதில் அதைக் கொடுங்கள், தளம் மாறினாலும் அது வேலை செய்யும். ஜெனோடோவில் எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஒன்றும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக ஒன்றும் கொடுப்பார்கள். நீங்கள் கணக்குப் போட்ட தரவுக்குத் தனிப் பதிப்பின் டிஓஐதான் சரி. தரவையும் நிரலையும் மேற்கோள் பட்டியலில் சேர்க்கவேண்டும், அவற்றைச் செய்தவர்களுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் அதுதான்.

முன்பதிப்பாகப் போட்டால் இதழ் ஏற்காது, எண்ணத்தையும் திருடிவிடுவார்கள் என்கிறார்களே?

இயற்பியல், கணிதம், உயிரியலில் பெரும்பாலான இதழ்கள் ஏற்கின்றன. சில துறைகளில் தயக்கம் இருக்கிறது, ஆகவே அனுப்பப்போகும் இதழின் கொள்கையை ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்ப்பா ரோமியோ) பட்டியலிலோ இதழ்ப் பக்கத்திலோ பார்த்துவிட்டுப் போடுங்கள். திருட்டு பற்றிச் சொன்னால், தேதி முத்திரையோடு வெளியே இருப்பதுதான் பாதுகாப்பு. முதலில் சொன்னது யார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. காப்புரிமை வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் கதை வேறு: முன்பே வெளியிட்டது காப்புரிமையைக் கெடுத்துவிடலாம், விண்ணப்பித்த பிறகு போடுங்கள்.

இப்போது ஏஐ எழுதிய கட்டுரைகள் குவிகின்றனவாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

குவிவது உண்மை. ஆர்க்கைவ் 2025 இறுதியில், கணினிப் பிரிவில் மீளாய்வுக் கட்டுரைகளும் நிலைப்பாட்டுக் கட்டுரைகளும் ஏற்கெனவே மதிப்பீடு பெற்றிருந்தால்தான் ஏற்போம் என்று அறிவித்ததற்கு இந்த வெள்ளம் ஒரு காரணம். நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், நல்ல ஆய்வாளரும் மொழித் திருத்தத்துக்கு அதைப் பயன்படுத்துகிறார். மேற்கோள் பட்டியலில் நாலைந்தை எடுத்து டிஓஐ திறக்கிறதா, அந்தக் கட்டுரை அதைத்தான் சொல்கிறதா என்று பாருங்கள். இல்லாத கட்டுரை ஒன்று மேற்கோளில் இருந்தாலே மூடிவிடலாம். தரவும் நிரலும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள், மேலே தரவு பற்றிச் சொன்னது இங்கும் பொருந்தும்.

களஞ்சியமே ஒருநாள் காணாமல் போனால்?

போகும். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதலில், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளின் விவரங்களை வைத்திருந்த ஈதாஸ் சேவை நீண்ட காலம் முடங்கியது. அப்போது ஆய்வேடு தேடியவர்களைக் காப்பாற்றியவை அந்தந்தப் பல்கலைக்கழகங்களின் சொந்தக் களஞ்சியங்கள், பிரதி அங்கேயும் இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் 1999-இல் தொடங்கிய லாக்ஸ் திட்டமும் இதையே செய்கிறது: ஒரே கோப்பைப் பல நூலகங்களில் வைத்து, பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கெட்டுப்போனதை நல்லதிலிருந்து சரிசெய்யும். உங்கள் சொந்த ஆய்வுக்கும் ஒரு பிரதி நிறுவனக் களஞ்சியத்தில், ஒன்று துறைக் களஞ்சியத்தில் என்று போட்டு, இரண்டு பதிவிலும் ஆய்வாளரை அடையாளம் காட்டும் அதே ஓர்கிட் எண்ணைக் கொடுங்கள். தரவை எக்செல் கோப்பாக மட்டும் வைக்காமல் சிஎஸ்வி என்ற எளிய உரை வடிவத்திலும் ஒன்று சேர்த்து, அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன பொருள், எந்த அலகு என்று விளக்கும் சிறு உரைக்கோப்பையும் கூடவே வையுங்கள்.